பை இருந்த இடம்

ருஸ்தாவி கார்ச் சந்தை. பிப்ரவரிச் சேறு.
ஆறாயிரத்து நானூறு லரி எண்ணிக் கொடுத்தேன்.
அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து
எங்கள் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறி வந்த கார்.
ஊர்ப்பெயர் மாறாமலே நாடு மாறிவிட்டது பார்
என்று விற்றவன் சிரித்தான்.
சிரித்தால் விலை குறையுமென்று நானும் சிரித்தேன்.

சாவியைத் திருப்பிக் காட்டினான்.
சிவப்பாய் ஒரு குட்டி மனிதன்,
மடியில் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடி
எரிந்தான். ஆறு எண்ணுவதற்குள் அணைந்தான்.
"ஆரோக்கியம்" என்றான் விற்றவன்.

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
திபிலிசி மருத்துவமனையில் இரவுப் பணி.
மோதிக்கொண்டு வருகிறவர்களின் நெஞ்செலும்பை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது என் பிழைப்பு.
மூச்சை இழுங்கள். பிடியுங்கள். விடலாம்.
இந்தக் காரிடம் மட்டும் அப்படிச் சொல்லத்
தோன்றவே இல்லை.

ஒன்றரை வருடம்
அந்த ஆறு நொடியை நம்பி
தாச்சியை முன்சீட்டில் வைத்து
பள்ளிக்கூடம், பல் டாக்டர், ஏரிக்கரை.

ஹாரன் அடிக்கவில்லை என்றுதான்
மால்காஸின் பட்டறைக்குப் போனேன்.
ஹாரன் மட்டும். முப்பது லரி வேலை.
மூடியைக் கழற்றியவன்
மென்றுகொண்டிருந்த சூரியகாந்தி விதையைத் துப்பினான்.
"லமாரா, இங்கே வா."

ஸ்டீயரிங்கின் வயிற்றுக்குள்
நாலாய் மடித்துத் திணித்த குளியல் துண்டு.
ஓரத்தில் நீலக் கோடு.
இரண்டு கம்பிகளுக்கு நடுவே
கொத்தமல்லி விதையளவு ஒரு ரெசிஸ்டர்
நான்தான் பை, நான்தான் பை என்று
காரின் கம்ப்யூட்டருக்குத் தினமும்
பதில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது.
பையை எடுத்துவிட்டு
பொய்யை வைத்து மூடியிருந்தார்கள்.

மடிப்புகளில் மாவு போல வெள்ளைத் தூள்.
விரலில் தொட்டுக் காட்டினான் மால்காஸ்.
"ஏற்கெனவே ஒருமுறை வெடித்துவிட்டது."

அப்படியென்றால் அது வாக்குத் தவறவில்லை.
எங்கோ ஒரு நாற்சந்தியில்
இமை பாதி இறங்குவதற்குள் விரிந்து
யாரோ ஒருவர் முகத்தைத் தாங்கியிருக்கிறது.
அவர் எழுந்து நடந்தாரா, தெரியாது.
சீட்டுக்கு அடியில் கிடந்த ஹேர்க்ளிப்பை,
பல்லிடுக்கில் ஒரு செம்பட்டை முடி இருந்ததை,
வாங்கிய வாரமே
குப்பையில் போட்டுவிட்டேன்.

புதுப் பை இரண்டாயிரத்துக்கு மேல்.
பழையது கிடைக்கும், ஆனால் அதில்
சிலது வெக்கையில் கிடந்து கெட்டிருக்கும்,
காப்பாற்ற வருகிற மாதிரி வந்து
கழுத்தில் இரும்பைத் துப்பும் என்றான்.
ஹாரனுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டான்.

அன்று மாலை தாச்சியைப் பின்சீட்டுக்கு அனுப்பினேன்.
"நான் என்ன தப்புச் செய்தேன்?"
நாற்பதில் ஓட்டினேன்.
பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.
என்னுடையதும் இப்போது அடிக்கும்.
அடிக்கவில்லை.

வாங்க வந்தவர் அவ்தாந்தில். வெல்டிங் வேலை,
சட்டையெல்லாம் பொரி விழுந்த ஓட்டைகள்.
சாவியைத் திருப்பினார். குட்டி மனிதன்
எரிந்தான், அணைந்தான்.
"ஆரோக்கியம்" என்றார்.

சொன்னேன்.
துண்டு, நீலக் கோடு, கொத்தமல்லி விதை,
ஒன்றுவிடாமல்.
அவர் தாடையைச் சொறிந்தார்.
வானத்தைப் பார்த்தார்.
டயரை ஒரு உதை உதைத்தார்.
"சரி, இருநூறு குறை."

உண்மைக்கு அன்றைய சந்தை விலை இருநூறு லரி.
பெல்ட் போடாவிட்டால் கத்துமே என்றேன்.
அதற்கென்ன என்று
பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு,
காரை ஏமாற்றிய மகிழ்ச்சியில்
கையசைத்துப் போனார்.

மறுநாள் வேலைக்கு மர்ஷ்ருத்கா வேன்.
பன்னிரண்டு பேர் உட்கார, ஏழு பேர் நிற்க,
ஓட்டுநர் காதில் போன்.
வேன் கிளம்பியதும்
என் இடக்கை தானாகத் தோளுக்கு மேலே போய்
எதையோ தேடியது.

பக்கத்திலிருந்த பெண்
இடம் போதவில்லை போல என்று நினைத்து
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.